பல் நகர எலும்பு வழிவிடுகிறது
உயிரியல் பாடத்துக்கு ஒரு துணைக்கட்டுரை

நம் கிராமப்புறப் பள்ளிகளிலும் இப்போது வகுப்புக்கு ஓரிருவர் பல்லுக்குக் கம்பி போட்டுக்கொண்டு வருகிறார்கள். வில்லியனூர், பாகூர் கொம்யூன் பகுதிகளில் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு இது அரிதான காட்சி. எத்துப்பல், தெத்துப்பல் உள்ள பிள்ளைகள் வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரிப்பார்கள்; பட்டப்பெயரைச் சுமந்துகொண்டே பள்ளிப் படிப்பை முடித்துவிடுவார்கள். இன்று சிகிச்சை கைக்கெட்டும் தூரத்துக்கு வந்திருக்கிறது. அதனுடன் கேள்விகளும் வந்திருக்கின்றன. அவற்றுள் மாணவர் அடிக்கடி கேட்பது இது: “எலும்பு கெட்டியானதுன்னு பாடத்துல படிக்கிறோம். பல்லு அந்த எலும்புக்குள்ள ஊனியிருக்கு. அப்புறம் ஒரு மெல்லிசுக் கம்பி பல்லை எப்படி டீச்சர் நகர்த்தும்?”

பாடநூலின் எலும்பு மண்டலப் பாடத்தில் இதற்கு நேரடியான விடை இல்லை. ஆனால் இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு சென்றால் செல், திசு, நொதி, புரதம், விசை, அழுத்தம் என ஆறு பாடங்களை ஒரே கதையில் கோத்துவிடலாம். என் வகுப்பில் நான் அப்படித்தான் நடத்துகிறேன். தொடக்கநிலை, உயர்நிலை ஆசிரியர் இருவருக்கும் பயன்படும்படி அதை இங்கே வகைப்படுத்தித் தருகிறேன்.

எலும்பு ஒரு கட்டடம் அன்று

எலும்பை வீட்டின் தூணுக்கும் உத்திரத்துக்கும் ஒப்பிடுவது நம் வழக்கம். தாங்கும் வேலையைப் புரியவைக்க அது உதவும். ஆனால் தூண் ஒருமுறை எழுப்பினால் அப்படியே நிற்கும். எலும்பு அப்படி நிற்பதில்லை. வளர்ந்த மனிதரின் எலும்புக்கூட்டில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 10 சதவீதம் அகற்றப்பட்டுப் புதிதாகக் கட்டப்படுகிறது. இதற்கு எலும்பு மறுவடிவமைப்பு என்று பெயர்.

இந்த வேலையில் மூன்று வகைச் செல்கள் ஈடுபடுகின்றன. ஆஸ்டியோகிளாஸ்ட் எலும்பை அரித்து அகற்றுவது. பல உட்கருக்களைக் கொண்ட பெரிய செல் அது. எலும்பின் மேல் ஒட்டிக்கொண்டு அமிலத்தைச் சுரந்து கால்சியம் உப்புகளைக் கரைக்கும். நொதிகளைச் சுரந்து கொலாஜன் புரதத்தை வெட்டும். ஆஸ்டியோபிளாஸ்ட் புதிய எலும்பைக் கட்டுவது. மூன்றாவது ஆஸ்டியோசைட். எலும்புக்குள் சின்னஞ்சிறு அறைகளில் புதைந்து, நீண்ட இழைகளால் ஒன்றோடொன்று தொடர்புகொண்டு, எந்த இடத்தில் எவ்வளவு பாரம் விழுகிறது என்று உணர்ந்து செய்தி அனுப்பும். எலும்புச் செல்களில் மிகப் பெரும்பான்மை இவைதாம்.

ஓரிடத்தில் அரிப்பு முடிய இரண்டு மூன்று வாரங்கள் போதும். அதே இடத்தைக் கட்டி நிரப்ப மூன்று நான்கு மாதங்கள் ஆகும். இடிப்பது விரைவு, கட்டுவது தாமதம். இந்த ஒரு வரியை மாணவர் மனத்தில் நிறுத்திவிட்டால் பின்னால் வரும் பலவற்றை அவர்களே ஊகித்துவிடுவார்கள்.

சாயம் காட்டிக்கொடுத்த உண்மை

எலும்பு மாறிக்கொண்டே இருக்கிறது என்பதை முதலில் எப்படிக் கண்டுபிடித்தார்கள்? இந்தக் கதையில் நம் கடற்கரைக்கும் ஓர் ஓரத்தில் இடம் உண்டு.

சோழமண்டலக் கரையின் மணற்பாங்கான நிலங்களில் இம்பூறல் என்ற சிறு செடி உண்டு. அதன் வேரைச் சாயவேர் என்பார்கள். பருத்தித் துணிக்கு மங்காத சிவப்பு நிறம் ஏற்ற நம் சாயக்காரர்கள் பயன்படுத்தியது இதைத்தான். புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சுக் கும்பினியும், கரையின் மற்ற துறைகளிலிருந்து ஆங்கிலக் கும்பினியும் துணிகளை ஏற்றிச் சென்ற காலத்தில், அவற்றைப் பார்த்து ஐரோப்பியரும் பருத்தித் துணியில் வண்ணம் அச்சிடத் தொடங்கினர். கோழிக்கோட்டின் பெயரிலிருந்து பிறந்த காலிகோ என்ற சொல்லே அந்தத் துணிக்குப் பெயரானது. அவர்கள் சிவப்புக்குப் பயன்படுத்தியது மஞ்சிட்டி இனத்தைச் சேர்ந்த மேடர் என்ற செடியின் வேர். சாயவேரிலும் மேடரிலும் சிவப்பைத் தருவது அலிசரின் என்ற ஒரே பொருள்தான்.

லண்டனில் ஜான் பெல்ச்சியர் என்ற அறுவை மருத்துவர் ஒரு காலிகோ அச்சுக்காரர் வீட்டில் விருந்து உண்டபோது, பரிமாறப்பட்ட பன்றி இறைச்சியில் எலும்பு சிவப்பாக இருப்பதைக் கண்டார். சாயப்பட்டறையில் மேடர் நீரில் ஊறிய தவிட்டை அந்தப் பன்றிகளுக்குத் தீனியாகப் போட்டிருந்தார்கள். இதை அவர் 1736-ல் வெளியிட்டார். அலிசரின் கால்சியத்தோடு பிணைந்துகொள்ளும். ஆகவே சாயத்தைத் தின்ற நாள்களில் புதிதாகப் படியும் எலும்பு மட்டும் சிவப்பாகும்.

அடுத்த சில ஆண்டுகளில் பிரான்சில் துயமெல் என்ற அறிஞர் விலங்குகளுக்குச் சில வாரம் மேடர் கலந்த தீனி, சில வாரம் வெறும் தீனி என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார். எலும்பில் சிவப்பும் வெள்ளையுமாக அடுக்குகள் தெரிந்தன. பின்னர் ஜான் ஹன்டர் அதே வழியில் சென்று, எலும்பு ஒரு பக்கம் படியும்போது மறுபக்கம் அகற்றவும் படுகிறது என்று காட்டினார். மனிதப் பற்களைப் பற்றி 1771-ல் நூல் வெளியிட்டவரும் இதே ஹன்டர்தான்.

உள்ளே நடப்பதை வெளியிலிருந்து அறிய உதவும் பொருளையே உயிரியல் குறிகாட்டி என்கிறோம். எலும்பின் மாற்றத்தைக் காட்டிக்கொடுத்த முதல் பொருள் துணிக்குப் போடும் சாயம்தான். இன்று அந்த வேலைக்கு நம் உடலே சுரக்கும் புரதங்களும் நொதிகளும் பயன்படுகின்றன.

பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே

பல் எலும்பில் ஆணி அடித்தாற்போல் இறுகி நிற்கவில்லை. வேருக்கும் பற்குழி எலும்புக்கும் இடையே சுமார் 0.2 மில்லிமீட்டர் இடைவெளி உண்டு. நோட்டுப் புத்தகத் தாள் இரண்டின் தடிமன்தான். அந்த இடைவெளியில் நார்த்திசு, இரத்த நுண்குழாய்கள், நரம்பு முனைகள், பலவகைச் செல்கள் எல்லாம் நிறைந்திருக்கின்றன. மருத்துவர்கள் இதைப் பெரியோடான்டல் லிகமென்ட் என்பார்கள். சாதத்தில் சிறு கல் கடிபட்டதும் உடனே தெரிவது இந்த நார்த்திசுவில் உள்ள நரம்புகளால்தான்.

பல்லுக்குக் கொடுக்கும் விசை முதலில் இந்தத் திசுவின் மேல்தான் விழுகிறது. பல் எந்தப் பக்கம் நகர வேண்டுமோ அந்தப் பக்கத்தில் திசு நசுங்கும், எதிர்ப்பக்கத்தில் இழுபடும். நசுங்கும் பக்கத்தில் எலும்பு அரிக்கப்படும், இழுபடும் பக்கத்தில் எலும்பு படியும். சுவீடன் நாட்டுக் கார்ல் சாண்ட்ஸ்டெட் 1904-ஆம் ஆண்டையொட்டி நாய்களின் பற்களை நகர்த்தி, திசுவை நுண்ணோக்கியில் பார்த்து இதை முதன்முதலாக எழுதிவைத்தார்.

பாகூர் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல நான் வயல் வரப்பை எடுத்துக்கொள்வேன். வரப்பை ஓர் அடி கிழக்கே தள்ள வேண்டுமானால் யாரும் அதை முட்டித் தள்ளுவதில்லை. மேற்குப் பக்கத்தில் மண்ணை வெட்டி எடுக்கிறோம். கிழக்குப் பக்கத்தில் மண்ணை அணைக்கிறோம். வேலை முடிந்ததும் வரப்பு நகர்ந்திருக்கிறது. பற்குழியும் அப்படித்தான். ஒரு சுவர் வெட்டப்பட்டு, எதிர்ச்சுவர் அணைக்கப்பட்டு, குழி முழுதும் இடம்பெயர்கிறது. அதனுள் இருக்கும் பல்லும் கூடவே போகிறது. கம்பி பல்லைத் தள்ளி எலும்பைப் பிளப்பதில்லை. எங்கே வெட்டுவது, எங்கே அணைப்பது என்று செல்களுக்குச் சொல்வது மட்டுமே கம்பியின் வேலை.

வாசலில் கிடக்கும் தடயங்கள்

ஒரு தெருவில் நடந்து போகிறோம். ஒரு வீட்டு வாசலில் உடைந்த செங்கலும் காரைத்துண்டுகளும் குவிந்திருக்கின்றன. உள்ளே இடிப்பு வேலை. அடுத்த வீட்டு வாசலில் மணலும் ஜல்லியும் சிமெண்டு மூட்டையும் இறங்கியிருக்கின்றன, உள்ளே கட்டுமானம். எந்த வீட்டுக்குள்ளும் நாம் நுழையவில்லை. வாசலைப் பார்த்தே சொல்லிவிடுகிறோம்.

பல்லுக்கும் ஈறுக்கும் இடையே உள்ள மெல்லிய பள்ளம்தான் பல்லின் வாசல். அங்கே ஒரு நீர் எப்போதும் கசிந்துகொண்டிருக்கும். அதை ஈறோர நீர் என்று வைத்துக்கொள்வோம். பற்குழியில் நடக்கும் வேலையின் தடயங்கள் இந்த நீரில் கலந்து வெளியே வருகின்றன. அவற்றை மூன்று வகையாகப் பிரித்தால் மாணவருக்கு எளிது.

முதல்வகை, வேலையைத் தொடங்கும் ஆணைகள். விசை விழுந்ததும் திசுவில் சிறு அழற்சி ஏற்படுகிறது. இன்டர்லூக்கின்-1 பீட்டா என்ற புரதமும் புரோஸ்டாகிளாண்டின் ஈ2 என்ற கொழுப்புப் பொருளும் ஈறோர நீரில் கூடுகின்றன. முதல் 24 மணி நேரத்துக்குள்ளேயே இந்த உயர்வை அளந்திருக்கிறார்கள். கம்பியை இறுக்கிய மறுநாள் பிள்ளைக்கு வலி உச்சத்தில் இருப்பதும் இதனால்தான். அந்த வலி பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் அடங்கிவிடும்.

ஆணைகளில் முக்கியமான இணை ஒன்று உண்டு: ரேங்க்-எல் என்ற புரதமும் ஆஸ்டியோபுரோட்டிஜெரின் என்ற புரதமும். ஆஸ்டியோகிளாஸ்ட் ஆக வேண்டிய இளஞ்செல்லின் மேல் ரேங்க் என்ற பூட்டு இருக்கிறது. ரேங்க்-எல் அதன் சாவி. சாவி பூட்டில் பொருந்தினால் இளஞ்செல் முதிர்ந்து எலும்பை அரிக்கத் தொடங்கும். ஆஸ்டியோபுரோட்டிஜெரினோ, சாவி பூட்டை அடையுமுன் அதை வழியிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும் போலிப் பூட்டு. சாவி மிகுந்தால் அரிப்பு மிகும். போலிப் பூட்டு மிகுந்தால் அரிப்பு குறையும். இந்தப் போலிப் பூட்டை 1997-லும், சாவியை 1998-லும் விவரித்தார்கள். நம் கதைக்கு வேண்டிய செய்தி, 2006-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் பதின்பருவத்தினரின் ஈறோர நீரில் கண்டது: விசை கொடுத்த 24 மணி நேரத்தில் நசுங்கும் பக்கத்தில் ரேங்க்-எல் கூடியிருந்தது, ஆஸ்டியோபுரோட்டிஜெரின் குறைந்திருந்தது. அதே ஆண்டில் வந்த மற்றோர் ஆய்வில், போலிப் பூட்டோடு ஒப்பிட்ட சாவியின் அளவு வளர்ந்தவர்களைவிட இளையோரிடம் மிகுதியாக இருந்தது. பல் நகர்வும் அவர்களிடம் கூடுதல். பள்ளிப் பருவத்திலேயே சிகிச்சையைத் தொடங்குவது நல்லது என்று மருத்துவர் சொல்வதற்குப் பின்னே உள்ள காரணங்களில் இதுவும் ஒன்று.

இரண்டாம் வகை, இடிப்பின் தடயங்கள். ஆஸ்டியோகிளாஸ்ட் சுரக்கும் அமில பாஸ்படேஸ் நொதி, கொலாஜனை வெட்டும் மெட்டல்லோபுரோட்டினேஸ் நொதிகள், வெட்டப்பட்ட கொலாஜனின் துண்டுகள் ஆகியவை இதில் அடங்கும். வாசலில் கிடக்கும் காரைத்துண்டுகள் இவையே.

மூன்றாம் வகை, கட்டுமானத்தின் தடயங்கள். முதலாவது காரப் பாஸ்படேஸ். எலும்பு உருவாவதில் இந்நொதிக்குப் பங்குண்டு என்று ராபர்ட் ராபிசன் 1923-லேயே எழுதினார். வளரும் பிள்ளைகளின் இரத்தப் பரிசோதனை அறிக்கையில் இதன் அளவு பெரியவர்களைவிடக் கூடுதலாக இருப்பது இயல்பு. எலும்பு வளர்கிறது என்பதற்கு அது அடையாளம். இரண்டாவது ஆஸ்டியோகால்சின் என்ற புரதம். பல் நகரும்போது காரப் பாஸ்படேஸ் இழுபடும் பக்கத்தில் நசுங்கும் பக்கத்தைவிட மிகுதியாக இருப்பதை இத்தாலிய ஆய்வாளர்கள் 2002-ல் அளந்து காட்டினர். வரப்பில் மண் அணைக்கும் பக்கம் எது என்பதை நொதியே சொல்லிவிட்டது.

ஒரு துளியிலும் சிறு துளி

இந்த நீரை எடுக்க ஊசி வேண்டாம். ஈறின் ஓரத்தைப் பஞ்சால் காயவைத்து, மெல்லிய உறிஞ்சுதாள் பட்டையை அரை நிமிடம் வைத்து எடுக்கிறார்கள். லிட்மஸ் தாளைப் பயன்படுத்திய மாணவருக்கு இது உடனே புரியும். ஆரோக்கியமான ஈறிலிருந்து கிடைப்பது ஒரு மைக்ரோலிட்டருக்கும் குறைவு. சொட்டுமருந்துக் குழாயிலிருந்து விழும் ஒரு சொட்டே சுமார் 50 மைக்ரோலிட்டர் என்றால், எவ்வளவு சிறிய அளவில் எவ்வளவு செய்தி அடங்கியிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம்.

இதன் எல்லையையும் மாணவருக்குச் சொல்ல வேண்டும். ஈறு வீங்கியிருந்தாலும், பல்லில் அழுக்கு படிந்திருந்தாலும் இன்டர்லூக்கின்-1 பீட்டா கூடிவிடும். அப்போது அது பல் நகர்வைக் காட்டுகிறதா, ஈறு நோயைக் காட்டுகிறதா என்று பிரிக்க முடியாது. அதனால் ஆய்வாளர்கள் முதலில் பல்லைச் சுத்தம் செய்து, ஈறு நலமான பிறகே அளக்கிறார்கள். கம்பி போடாத ஒரு பல்லையும் ஒப்பீட்டுக்கு அளக்கிறார்கள். கட்டுப்பாட்டுச் சோதனை என்று நாம் நடத்துவது இதுதான். இந்தக் குறிகாட்டிகள் இன்னும் பெரும்பாலும் ஆய்வகத்தில்தான் இருக்கின்றன. பல் மருத்துவமனையில் அன்றாடம் நம்புவது மருத்துவரின் கண், கை, எக்ஸ்ரே, நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை வரச்சொல்லும் ஒழுங்கு ஆகியவற்றைத்தான். ஆனால் அந்த நான்கு முதல் ஆறு வார இடைவெளி ஏன் என்பதற்கு விடை சொல்பவை இந்தக் குறிகாட்டிகள்.

விசை கூடினால் வேகம் கூடாது

பல்லை நகர்த்தப் பயன்படும் விசை மிகச் சிறியது. பல்லுக்கும் நகர்வின் வகைக்கும் ஏற்ப அது பெரும்பாலும் 35 முதல் 120 கிராம் எடைக்குச் சமமான அளவில் இருக்கும். ஒரு கோழிமுட்டை சுமார் 50 கிராம். நகர்வும் மாதத்துக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான்.

“இன்னும் இறுக்கினால் சீக்கிரம் நகராதா?” என்று மாணவர் கேட்பார்கள். நகராது. விசை அளவுக்கு மிஞ்சினால் நசுங்கும் பக்கத்தில் நுண்குழாய்கள் அடைபட்டு இரத்தம் போகாமல் அங்குள்ள செல்கள் இறந்துவிடும். நுண்ணோக்கியில் அந்த இடம் கண்ணாடிபோல் வெறுமையாகத் தெரியும். வெட்டுவதற்கு ஆளே இல்லாததால் பல் அங்கேயே நின்றுவிடும். அக்கம்பக்கத்திலிருந்து புதிய செல்கள் வந்து, எலும்பின் உட்புறத்திலிருந்து குடைந்து அந்த இடத்தை அகற்ற வாரக்கணக்கில் ஆகும். அளவு மீறிய விசை பல்லின் வேரையே கரைத்துவிடவும் கூடும். 1932-ல் ஷ்வார்ஸ் என்ற மருத்துவர், நல்ல விசை என்பது நுண்குழாயின் இரத்த அழுத்தத்தைத் தாண்டாதது என்று எழுதினார். இன்றும் அடிப்படை அதுவே: மெல்லிய விசை, தொடர்ந்த விசை.

இந்த இடத்தில் ஆசிரியர் அனைவரும் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே உள்ள சந்தை மூட, கைப்பேசியில் ஏதோ காணொளியைப் பார்த்துவிட்டு, அவ்விரு பற்களையும் சுற்றிச் சிறு ரப்பர் பேண்டு மாட்டிக்கொண்டு வந்தாள். வாசிக்கச் சொன்னபோது உதட்டை மூடியே வாசித்ததால் எனக்குச் சந்தேகம் வந்தது. தனியே அழைத்துக் கேட்டேன்.

“ரெண்டு நாளா போட்டிருக்கேன் டீச்சர். சந்து கொஞ்சம் குறைஞ்சிருக்கு. வீட்ல சொல்லிடாதீங்க. எல்லாரும் ‘கேட்டு கதவு’ன்னு கூப்பிடறாங்க.”

ரப்பர் பேண்டு ஈறை ஒட்டி ஏறியிருந்தது. அன்று மாலையே அவள் அம்மாவை வரவழைத்து, மறுநாள் பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினோம். மருத்துவர்கள் அதை அகற்றிவிட்டு, ஈறு ஆறும்வரை காத்திருந்து, பிறகு முறையான சிகிச்சைக்குப் பெயர் எழுதிக்கொண்டார்கள்.

அந்த ரப்பர் ஏன் ஆபத்து? பல்லின் வேர் கூம்பு வடிவம். நுனியை நோக்கிக் குறுகிக்கொண்டே போகும். அதைச் சுற்றிய ரப்பர் குறுகிய பக்கத்துக்கு நழுவி ஈறுக்குள் மறைந்துவிடும். உள்ளே போன பிறகு யார் கண்ணுக்கும் தெரியாது. எக்ஸ்ரேயிலும் எளிதில் தெரிவதில்லை. அது நார்த்திசுவை அறுத்துக்கொண்டே போகும். அழற்சி ஓயாது, அரிக்கும் ஆணை தொடர்ந்து பிறக்கும், கட்டும் வேலை நடக்கவே நடக்காது. இப்படி நல்ல முன்பற்களை இழந்த பிள்ளைகளைப் பற்றி மருத்துவ இதழ்கள் பலமுறை எழுதியிருக்கின்றன. அதே அரிப்பு, அதே ஆஸ்டியோகிளாஸ்ட். அளவும் மேற்பார்வையும் இருந்தால் சிகிச்சை, இல்லாவிட்டால் பல் இழப்பு. வகுப்பில் பெயர் குறிப்பிடாமல் இதைச் சொல்லுங்கள். முன்பற்களில் ரப்பரோ நூலோ தென்பட்டால் அன்றே மருத்துவரிடம் அனுப்புங்கள்.

தொடக்கநிலை வகுப்புக்கு

பால்பல் விழும் வயதுப் பிள்ளைகளிடம் நொதிகளைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. பேச்சுக்கு அவர்கள் கையிலேயே பொருள் இருக்கிறது. விழுந்த பல்லைச் சாணத்தில் பொதிந்து கூரைமேல் எறியும் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் உண்டு. எறிவதற்கு முன் அந்தப் பல்லைக் கழுவிப் பார்க்கச் சொல்லுங்கள். “இந்தப் பல்லுக்கு வேர் எங்கே?” என்று கேளுங்கள். தானாக விழுந்த பால்பல்லில் வேர் பெரும்பாலும் இருக்காது. கீழிருந்து நிலைப்பல் வரும்போது ஆஸ்டியோகிளாஸ்ட் போன்ற செல்கள் பால்பல்லின் வேரைக் கரைத்துவிட்டன. வழிவிடுதல் என்ற கருத்தை ஆறு வயதுப் பிள்ளையும் இதில் பிடித்துக்கொள்ளும்.

இதோடு சேர்த்து இன்னொன்றும் சொல்லலாம். “விழப்போற பல்லுதானே” என்று சொத்தையான பால் கடைவாய்ப்பல்லைக் கவனிக்காமல் விடுவது நம் வீடுகளில் வழக்கம். அந்தப் பல் பத்துப் பன்னிரண்டு வயதுவரை இடத்தைப் பிடித்து வைத்திருக்க வேண்டியது. முன்னதாகவே போய்விட்டால் பக்கத்துப் பல் அந்த இடத்துக்குச் சாய்ந்துவிடும். நிலைப்பல் முளைக்க இடமின்றிப் பக்கவாட்டில் முளைக்கும். ஆறு வயதில் கடைசியில் முளைக்கும் கடைவாய்ப்பல் பால்பல் அன்று, நிலைப்பல் என்பதையும் பெற்றோர் கூட்டத்தில் சொல்லுங்கள்.

உயர்நிலை வகுப்புக்கு

முதல் செயல்பாடு: சுத்தம் செய்த கோழிக்கால் எலும்பு ஒன்றை வினிகரில் நான்கைந்து நாள் ஊறவையுங்கள், இடையில் ஒருமுறை வினிகரை மாற்றுங்கள். கால்சியம் உப்பு கரைந்து எலும்பு வளையும். எஞ்சியிருப்பது கொலாஜன். ஆஸ்டியோகிளாஸ்ட் முதலில் அமிலமும் பிறகு நொதியும் சுரப்பது ஏன் என்று மாணவரையே காரணம் சொல்லவையுங்கள்.

இரண்டாவது செயல்பாடு: ஒரு மாணவர் பல்லாக நடுவில் நிற்கட்டும். இருபுறமும் சாக்பீஸ் பெட்டிகளால் சுவர் அடுக்குங்கள். ஒருபக்கம் நால்வர் அகற்றுவோர், மறுபக்கம் நால்வர் கட்டுவோர். ஒருவர் கையில் சாவி அட்டைகள், இன்னொருவர் கையில் போலிப் பூட்டு அட்டைகள். சாவி அட்டை கிடைத்த அகற்றுவோர் மட்டுமே பெட்டியை எடுக்கலாம். போலிப் பூட்டுக்காரர் சாவியைப் பிடித்துக்கொண்டால் வேலை நிற்கும். அகற்றுவோர் நால்வரையும் உட்காரவைத்துவிட்டுப் பல்லாக நிற்பவரைப் பலமாக நகரச் சொன்னால் என்ன ஆகும் என்று கேளுங்கள். அதிக விசை ஏன் பயன்தராது என்பது விளையாட்டிலேயே விளங்கிவிடும்.

மூன்றாவது செயல்பாடு: இடிப்பு, கட்டுமானம், ஆணை என்று மூன்று தலைப்புகளைக் கரும்பலகையில் எழுதி, மேலே சொன்ன குறிகாட்டிகளை வகைப்படுத்தச் சொல்லுங்கள். மதிப்பீட்டுக்கு ஒரே வினா போதும்: “கம்பியைக் கழற்றிய உடனே பல் முழுமையாக நிலைபெற்றுவிடுமா? காரணம் கூறுக.” கட்டுவது தாமதம் என்பதை நினைவில் வைத்திருக்கும் மாணவர் சரியாக எழுதிவிடுவார். புதிய எலும்பு கெட்டிப்படவும் ஈறின் நார்கள் புதிய இடத்துக்குப் பழகவும் பல மாதங்கள் வேண்டும். அதற்காகத்தான் ரிட்டெய்னர் என்ற தாங்கியைப் பிறகும் போடச் சொல்கிறார்கள். அதைப் போடாமல் விட்டால் பல் பழைய இடத்தை நோக்கித் திரும்பும்.

பெற்றோர் கேட்கும்போது

“மேல்பல்லைப் பிடுங்கினா கண்ணு போயிடும்னு சொல்றாங்களே டீச்சர்?” என்று பெற்றோர் அச்சத்தோடு கேட்பதுண்டு. இட நெருக்கடியால் சில நேரம் மருத்துவர் ஒரு பல்லை எடுக்கச் சொல்வார். பல்லின் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. முறையாகப் பல் எடுப்பதால் பார்வை போவதில்லை என்று உறுதியாகச் சொல்லலாம்.

“எலும்பு அரிக்குதுன்னா தாடை பலவீனமாகாதா?” என்பது அடுத்த அச்சம். ஒருபக்கம் அகற்றுவதும் மறுபக்கம் கட்டுவதும் சேர்ந்தே நடக்கின்றன. ஈறு நலமாகவும் விசை அளவாகவும் இருந்தால் எலும்பு குறைவதில்லை, இடம்தான் மாறுகிறது. ஈறு நலத்துக்கு வேண்டியது இருவேளை பல் துலக்குவதும், உணவுக்குப் பின் வாய் கொப்பளிப்பதும். கம்பி போட்ட பிள்ளை மதிய உணவுக்குப் பிறகு குழாயடியில் கூடுதலாக ஐந்து நிமிடம் நின்றால் விரட்ட வேண்டாம்.

வலிக்கு மாத்திரை பற்றியும் ஒரு சொல். ஐபுப்ரோஃபென் போன்ற மாத்திரைகள் புரோஸ்டாகிளாண்டினைத் தடுப்பவை. பல் நகரச் சொல்லும் ஆணையே அந்தப் பொருள்தானே. ஆகவே கடையில் தானே வாங்கி நாள்கணக்கில் போடாமல், எந்த மாத்திரை என்று மருத்துவரையே கேட்கச் சொல்லுங்கள். உணவில் கேழ்வரகும் முருங்கைக்கீரையும் நல்ல துணை. இரண்டிலுமே 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. கம்பி இறுக்கிய இரண்டு மூன்று நாள் கூழ், இட்லி, மசித்த சாதம் போதும். முறுக்கு, கரும்பு, கடலை மிட்டாய் கம்பி இருக்கும்வரை வேண்டாம்.

செலவுக்கு அஞ்சிப் பாதியில் விடுபவர்களும் உண்டு. கோரிமேட்டில் மகாத்மா காந்தி பட்டமேற்படிப்புப் பல் மருத்துவ அறிவியல் நிறுவனம் நம் அரசின் நிறுவனம். கடலூர் சாலையில் பிள்ளையார்குப்பத்திலும், விழுப்புரம் சாலையில் அரியூரிலும் தனியார் பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. பாகூர் பிள்ளைக்கும் வில்லியனூர் பிள்ளைக்கும் ஒரு பேருந்துப் பயணம்தான் தூரம். முதலில் அங்கே போய் விசாரிக்கச் சொல்லுங்கள்.

கம்பி போட்ட மாணவர் ஒன்றரை இரண்டு ஆண்டுகள் மாதம் ஒருநாள் மருத்துவமனைக்குப் போக வேண்டியிருக்கும். அந்த நாள் தவறினால் பற்குழியில் நடக்கும் வேலை வழிகாட்டல் இல்லாமல் போகும், சிகிச்சை நீளும், சலித்துப்போய் நிறுத்திவிடுவார்கள். வகுப்பாசிரியர் செய்யக்கூடியது எளிது. அவர்களின் மருத்துவ நாளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அன்று தேர்வு வைக்காதீர்கள். திரும்பி வந்ததும் அன்றைய பாடத்தைப் பக்கத்துப் பிள்ளையிடம் கேட்டு எழுதிக்கொள்ள ஏற்பாடு செய்யுங்கள். கம்பியைச் சொல்லிக் கேலி செய்யும் குரல் வகுப்பில் எழுந்தால், அன்றைக்கே எலும்புப் பாடத்தை எடுத்துவிடுங்கள்.